எதை எடுத்தால் இடியும்?

கூட்டிசையை எடைபோட எனக்குத் தெரிந்த நேர்மையான வழி ஒன்றுதான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே மனதுக்குள் ஒரு வாத்தியத்தையோ ஒரு குரலையோ எடுத்துவிட்டுப் பார்ப்பது. மிச்சம் இடிந்தால் எடுத்தது தூண். அசையாமல் நின்றால் எடுத்தது தோரணம். தோரணம் கட்டுவதில் குற்றமில்லை. தோரணத்தைத் தூண் என்று கணக்கு எழுதுவதுதான் குற்றம்.

1990களில் பிரிட்டனில் முளைத்த பலமொழி மின்னணு நடன இசைக்குழுக்களிடம் இந்தச் சோதனையை வைத்தால் பலவும் முதல் நிமிடத்திலேயே தோற்றுவிடும். ஆஃப்ரோ செல்ட் சவுண்ட் சிஸ்டம் அவ்வளவு சுலபமாகத் தோற்காது. அதனாலேயே அது திறனாய்வுக்கு உரியது. பெயரிலேயே வாக்குறுதி கொடுத்த குழு அது. பங்காளிகள் மூவர்: மேற்கு ஆப்பிரிக்கா, கெல்டிய நாடுகள், நடன அரங்கின் மின்னியந்திரம். பாடல்கள் ஐரிஷிலும் மலிங்கேயிலும் ஆங்கிலத்திலும் வரும். வேல்ஷும் ஸ்காட்டிஷ் கேலிக்கும் இடையிடையே தலைகாட்டும். பங்கு சமம் என்பது பெயர் தரும் உறுதி. கணக்கும் அப்படித்தான் இருக்கிறதா?

இங்கே எடைக்கு எடுத்துக்கொள்பவை ஆறு இசைத்தட்டுகள். ரியல் வேர்ல்ட் நிறுவனத்துக்காகச் செய்த ஐந்து: 'சவுண்ட் மேஜிக்' (1996), 'ரிலீஸ்' (1999), 'ஃபர்தர் இன் டைம்' (2001), 'சீட்' (2003), 'அனடாமிக்' (2005). நீண்ட இடைவெளிக்குப் பின் வந்த 'த சோர்ஸ்' (2016) ஆறாவது. மீள்கலவைகளும் தொகுப்புகளும் கடைச்சரக்கு, அவற்றை விட்டுவிடலாம்.

காது சரி, கதை தவறு

குழுவை உருவாக்கியவர் சைமன் எமர்சன். 1980களில் 'வொர்க்கிங் வீக்' குழுவில் கிதார் வாசித்தவர், பிறகு தயாரிப்பாளர். செனகல் பாடகர் பாபா மாலுடன் அந்த நாட்டில் ஒலிப்பதிவு செய்தபோது, ஓர் ஆப்பிரிக்க மெட்டும் ஐரிஷ் பழம்பாட்டு ஒன்றும் ஒத்திருப்பதாக அவர் காதுக்குப் பட்டது. லண்டன் திரும்பியதும் ஐரிஷ் பைப் வாசிப்பாளர் டேவி ஸ்பிலேன் அவரிடம் ஒரு நம்பிக்கையைச் சொன்னார்: கெல்டியர் மேற்கு ஐரோப்பாவுக்கு வருமுன் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அலைந்தவர்கள். அயர்லாந்தில் இந்த வகைப் பேச்சு புதிதல்ல. திரைப்பட இயக்குநர் பாப் குவின் 1980களிலேயே 'அட்லாண்டியன்' ஆவணப்படங்களில் அந்நாட்டின் கொன்னமாராப் பாட்டையும் வட ஆப்பிரிக்கப் பாட்டையும் கடல்வழி உறவால் முடிச்சுப் போட்டிருந்தார்.

வரலாறாக இது நிற்காது. குவின் காட்டுவது வட ஆப்பிரிக்கக் கரை. எமர்சன் போனதோ சஹாராவுக்குத் தெற்கே. ஒரு குழு தன் பிறப்புக் கதையாக எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அதை மெய்ப்பிக்க வேண்டிய கடமை இசைக்கு இல்லை. ஆனால் இந்தக் கதை ஒரு தீங்கு செய்தது: 'ஆதியில் நாம் ஒன்று' என்று சொல்லிவிட்டால் வேறுபாட்டைக் கேட்க வேண்டிய பொறுப்பு போய்விடுகிறது. பிந்தைய தட்டுகளின் வழவழப்புக்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

ஆனால் காது பிடித்தது சரியானது. முதலாவது, சுருதி. ஐரிஷ் இல்லன் பைப்ஸில் ஒத்துக் குழல்கள் உண்டு. நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து நிற்பதுபோல் ஒரே சுரம் விடாமல் அடியில் ஓடும். மேற்கு ஆப்பிரிக்க நரம்பு வாத்தியமான கோராவில் ஜெலிகள், அதாவது அங்குள்ள பாணர்கள், ஒரே அடிச்சுற்றைத் திரும்பத் திரும்ப வாசித்து அதன்மேல் பாட்டை எழுப்புவார்கள். இரண்டும் ஐரோப்பியச் செவ்வியல் பாணியில் ஸ்வரக்கூட்டுகளை மாற்றி மாற்றி நகர்பவை அல்ல. ஓரிடத்தில் நின்று ஆழம் போகிறவை. நடன அரங்கின் மின்னிசையும் அப்படியே. மூன்றுக்கும் பொதுவான தரை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது.

இரண்டாவது, எண். ஐரிஷ் நடன மெட்டான ஜிக் நம் திஸ்ர நடை போல: தட்டுக்கு மூன்று. மேற்கு ஆப்பிரிக்கத் தாளங்களில் பல பன்னிரண்டில் ஓடுகின்றன. பன்னிரண்டை நான்கு மூன்றாக எண்ணலாம், மூன்று நான்காகவும் எண்ணலாம். தேர்ந்த தாளக்காரர் இரண்டையும் ஒரே நேரத்தில் நம் காலுக்குள் எண்ண வைப்பார். ஜிக் இந்தப் பன்னிரண்டுக்குள் சண்டையில்லாமல் உட்காரும்.

மூன்றாவது ஒரு ஒற்றுமையை வாசிப்பவரின் உடம்பில் பார்க்கலாம். இல்லன் பைப்ஸை வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கைக்கு அடியில் துருத்தி, இடது கைக்கு அடியில் காற்றுப்பை. 'இல்லன்' என்ற பெயரே முழங்கைக்கான ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. செனகலின் தாமா முழவையும் வாசிப்பவர் அக்குளில் இடுக்கிக்கொள்கிறார். கையை இறுக்கினால் வார்கள் இழுபட்டுத் தோலின் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஒருவர் கை காற்றை அளக்கிறது, மற்றவர் கை தோலை அளக்கிறது. இருவருமே விலாவோடு அணைத்துப் பிடித்துத்தான் வாத்தியத்தைப் பேச வைக்கிறார்கள். ஆதி உறவுக் கதையைவிட இந்த ஒற்றுமை எனக்கு நம்பத்தக்கது. இது பரம்பரையைக் காட்டவில்லை, வேலைமுறையைக் காட்டுகிறது.

ஒரு வாரத்தின் நியாயம்

குழுவின் முதல் பெருமை அதன் கைமுறை. அன்றைய சூழலை நினைத்துக்கொள்ளுங்கள். டீப் ஃபாரஸ்ட் இசைக்குழு 1992இல் சாலமன் தீவுத் தாலாட்டு ஒன்றை இனவரைவியல் பதிவிலிருந்து எடுத்து நடன மெட்டாக்கி உலகெங்கும் விற்றது. பாடியவர் அஃபுனாக்வா என்ற பெண். பதிவுசெய்தவர் ஹ்யூகோ ஸெம்ப் என்ற ஆய்வாளர். வணிகமாக்கியதை ஸெம்ப் பிற்பாடு எழுத்தில் கண்டித்தார். எனிக்மா குழுவின் 1990களின் புகழ்பெற்ற பாட்டு ஒன்று தைவானின் அமிஸ் முதியவர் ஒருவரின் குரலில் நின்றது. அது வழக்காகி 1999இல் சமரசத்தில் முடிந்தது. சாம்பிள் என்பது வெறும் கருவி, குற்றம் அதில் இல்லை. ஆனால் குரலைத் தந்தவர் அறைக்குள் இல்லாதபோது 'நான் இதற்கு ஒப்பவில்லை' என்று சொல்ல யாரும் இருப்பதில்லை.

எமர்சன் ஆட்களை அறைக்குள் அழைத்தார். 1995இல் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள ரியல் வேர்ல்ட் ஒலிக்கூடத்தில் ஐரிஷ் வாசிப்பாளர்களும் பாபா மாலின் குழுவைச் சேர்ந்த இருவரும் கூடினார்கள்: கோராவில் கவுடிங் சிஸ்ஸோக்கோ, தாமாவில் மசம்பா தியோப். 'சவுண்ட் மேஜிக்' தட்டுக்கான இசை ஒரே வாரத்தில் பதிவானது. தட்டின் உயிரும் ஊனமும் இந்த அவசரத்தில்தான். உயிர், ஒருவரை ஒருவர் இன்னும் முழுதாகப் புரிந்துகொள்ளாதவர்கள் கூர்ந்து கேட்டு வாசிப்பதில் வரும் விழிப்பு. ஊனம், பேசித் தீர்க்க நேரமில்லாத இடங்களையெல்லாம் பீட் போட்டு மூடியது.

முதல் பாட்டான 'சாயர்' தூண் சோதனையில் தேறுகிறது. தாமாவை எடுத்தால் பீட் ஊமையாகிவிடும். ஐரிஷ் குரலை எடுத்தால் பாட்டுக்குப் போகுமிடம் இல்லாமல் போகும். மின்னொலியை எடுத்தால் இரண்டுக்கும் நடுவே தரை இல்லை. அடுத்து வரும் 'வெர்லி ரீல்' தேறவில்லை. பைப்ஸும் விசிலும் பறக்கின்றன, அடியில் இயந்திரம் உருள்கிறது, உடம்பு தானாக ஆடுகிறது. ஆனால் கோராவை எடுத்துப் பாருங்கள். ஒரு செங்கல்லும் அசையாது. மேலே பன்னிரண்டைப் பற்றிச் சொன்னது இங்கே உறைக்கும். ரீல் என்ற ஐரிஷ் நடன மெட்டு நான்கில் நடப்பது; கிளப் இயந்திரமும் நான்கில் நடப்பது. இயந்திரத்துக்கு வசதியானது முன்னுக்கு வந்தது; இரு மரபுகளும் உண்மையாகச் சந்திக்கக்கூடிய திஸ்ரமும் பன்னிரண்டும் பின்னுக்குப் போயின. ஒன்பது உருப்படிகளில் இரண்டு இதே ரீலின் இரு கலவைகள் என்பது ஒலிமேசையில் இருந்தவர் எதை நம்பினார் என்பதைச் சொல்லிவிடுகிறது.

பெயரின் மூன்றாம் பகுதியை நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். சவுண்ட் சிஸ்டம் ஜமைக்காத் தெருவிலிருந்து வந்தது. அங்கே ஒலிமேசையில் நிற்பவர்தான் ராஜா. ஆப்பிரிக்காவும் கெல்டும் பெயரில் முன்னால் நிற்கின்றன. ஆட்சி மூன்றாவது பகுதியின் கையில்.

விருத்தமும் டிரம் மெஷினும்

ஈர்லா ஓ லினார்டின் குரல் இந்தக் குழுவுக்குக் கிடைத்த செல்வம். கார்க் மாவட்டத்தின் ஐரிஷ் பேசும் ஊரான கூல் ஈயில் வளர்ந்தவர். அவருடைய பாட்டி முறையிலான பெஸ் குரோனின், நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1951இல் தேடிச்சென்று பதிவுசெய்த பாடகி. அந்த மரபின் பெயர் ஷான்-நோஸ்; பொருள் 'பழைய பாணி'. பக்கவாத்தியம் கிடையாது, எண்ணி வரும் தாளம் கிடையாது. சொல்லின் நீளத்துக்கும் மூச்சின் நீளத்துக்கும் ஏற்ப அடி நீளும், குறுகும். இறுதிச் சுரத்தைச் சுற்றி நுணுக்கமான வளைவுகள் விழும். நம் மேடையில் விருத்தம் பாடுபவரை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

விருத்தத்துக்கு டிரம் மெஷின் போட முடியுமா? குழு எதிர்கொண்ட கடினமான கேள்வி இது. விடைகள் இரண்டு கொடுத்தார்கள். ஒன்று, தாளத்தை ஒதுக்கி வைத்துக் கீபோர்டின் நீண்ட ஒலிமேல் குரலைத் தனியே மிதக்க விடுவது. முதல் தட்டை முடித்துவைக்கும் 'எய்ஷ்டிக் லூம்சா' இந்த வழியின் நல்ல சாட்சி: குரலுக்கு அவசரம் இல்லை, நமக்கும் இல்லை. இன்னொன்று, குரலிலிருந்து ஓர் அடியை வெட்டி பீட்டின் நான்குக்குள் பொருத்தித் திரும்பத் திரும்ப வரவைப்பது. இங்கே அடியின் ஈற்றில் விழவேண்டிய வளைவு, இயந்திரம் அடுத்த சுற்றைத் தொடங்குவதால் அறுபடுகிறது. பாடியவர் அறையில்தான் இருந்தார், ஒப்புக்கொண்டுதான் பாடினார். ஆனாலும் விளைவு சாம்பிளின் விளைவே. ஆளை அழைத்துவந்த பிறகும் அவரைத் துண்டாகப் பயன்படுத்தினால், அழைத்ததன் அறம் மிஞ்சும், அழகு மிஞ்சாது.

கோராவுக்கு நேர்ந்ததும் இதுவே, இன்னும் நுட்பமாக. இருபத்தொரு நரம்பு, இரு கைகளின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். கும்பெங்கோ என்பது அடிச்சுற்று. பிரிமின்டிங்கோ என்பது அதிலிருந்து கிளம்பிக் கீழ்நோக்கிப் பாயும் விரலோட்டம். கும்பெங்கோவைக் கேட்டதும் லூப் என்று நினைக்கத் தோன்றும்; இயந்திரத்தோடு ஒட்டவைக்கும் ஆசை அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் நல்ல கைகளில் கும்பெங்கோ இரண்டு முறை ஒரே மாதிரி வராது. ஒரு சுற்றில் கட்டைவிரல் ஒரு சுரத்தை மயிரிழை தாமதிக்கும், அடுத்ததில் ஒரு சுரத்தை விழுங்கும். லூப் அதில் ஒரு சுற்றை மட்டும் எடுத்து ஒட்டிக்கொண்டே போகிறது. நடுவில் கீபோர்டு இருப்பதால் நரம்புகளும் அதன் சமமான சுருதிப் பிரிப்புக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. மரபான கோரா சுருதிகளின் சற்றே கோணலான இனிமை அங்கே தீர்ந்துபோகிறது.

குழுவின் பிந்தைய கோராக் கலைஞர் ந்ஃபாலி கூயாத்தே கினி நாட்டவர். கூயாத்தே என்பது பாணர் குலப்பெயர்; மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாட்டாவின் பாணன் பல்லா ஃபசேக்கேயின் வழி என்று மரபு சொல்லும். அரசகுலத்தின் தலைமுறைகளை இரவெல்லாம் பாடக் கற்றவர், பல பாடல்களில் நாலு வரி உரத்துப் பாடிவிட்டு விலகுகிறார். தமிழில் ஒத்து ஊதுவது என்றால் என்ன பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. பாணனை ஒத்து ஊதவைத்த தட்டுகளும் இந்தக் கணக்கில் இருக்கின்றன.

தாங்களே வைத்த சோதனை

'ரிலீஸ்' குழுவின் உச்சம். அதற்குப் பின்னால் ஓர் இறப்பு இருக்கிறது. கீபோர்டு வாசித்த ஜோ புரூஸ், தட்டு உருவாகிக்கொண்டிருந்த 1997 அக்டோபரில் ஆஸ்துமாவால் இறந்தார். துயரம் தானாகக் கலையாகிவிடாது. அதைக் காட்டி மதிப்பெண் கேட்கும் தட்டுகள் ஏராளம். இங்கே அது வேறொன்றைச் செய்திருக்கிறது. ஒருவருக்கொருவர் இடம்விட வைத்திருக்கிறது. தட்டின் முதல் பாட்டான தலைப்புப் பாட்டில் ஓ லினார்ட் ஐரிஷில் பாட, பாடகி ஷினேட் ஓகானர் ஆங்கிலத்தில் பாடுகிறார். ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பு அல்ல. ஐரிஷ் கேட்கிறது, ஆங்கிலம் அதற்கு நேர் விடை சொல்லாமல் பக்கத்தில் வந்து உட்காருகிறது. ஓகானர் தன் குரலின் வலிமையில் பாதிகூடச் செலவிடவில்லை. விருந்தினராக வந்தவர் வீட்டாரைவிட மெல்லப் பேசும் பண்பு அது.

தட்டின் கடைசியில் குழு அதே பாட்டை மறுபடி வைத்திருக்கிறது, குரல்கள் இல்லாமல். நான் மனதுக்குள் செய்யும் சோதனையை அவர்களே ஒலியில் செய்து காட்டிவிட்டார்கள். விளைவைக் கேளுங்கள். அடுக்குகள் அழகாக இருக்கின்றன, கலவை சுத்தமாக இருக்கிறது, மெட்டுக்கு மட்டும் போக ஊரில்லை. குரல்கள் இங்கே தூண்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். குரலில்லாத பல உருப்படிகளுக்கு இதே நிலைமை என்பதற்கும் சான்று அதுவே. அழகான ஒலி நகர்வதற்குக் காரணம் ஆகாது.

இந்தத் தட்டில் இன்னொரு பங்காளியின் பாரமும் தெரிகிறது: ஜானி கல்சியின் பஞ்சாபி டோல். பெயரில் இவருக்கு இடமில்லை. ஆனால் வேகமான உருப்படிகளில் டோலை எடுத்தால் இடிபாடுதான் மிஞ்சும். டிரம் மெஷின் அடிக்கும் இடத்துக்கும் மனிதக் கை அடிக்கும் இடத்துக்கும் நடுவே இருக்கும் நூலளவு வித்தியாசத்தை டோல் மீட்டுத் தந்தது. அடுத்த தட்டின் 'கொலோசஸ்' போன்ற வாத்திய உருப்படிகள் எழுந்து நிற்பதற்குக் காரணமும் இந்த மாதிரியான கைத்தாளமே. குழு தன் கொள்கையில் சொல்லாத இடத்தில்தான் தன் சிறந்த விடையைக் கண்டது. பாராட்டு, குறை இரண்டையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

ஆங்கிலம் வந்த பிறகு

'ஃபர்தர் இன் டைம்' பரவலாக அறியப்பட்ட தட்டு. விருந்தினராக வந்த பாடகர்கள் பீட்டர் கேப்ரியல் ஒரு பாட்டு, ராபர்ட் பிளான்ட் ஒரு பாட்டு. ஒலிப்பதிவுத் தரத்தில் முந்தைய இரண்டையும் மிஞ்சும். ஆனால் பலமொழி இசையின் நுண்ணிய சிக்கல் ஒன்று இங்கே அம்பலமாகிறது.

பெரும்பாலான கேட்பவர்களுக்கு ஐரிஷும் தெரியாது, மலிங்கேயும் தெரியாது. தெரியாமையில் ஒரு சமத்துவம் இருந்தது; இரண்டு மொழியையும் குரலாக, மூச்சாக, மெய்யெழுத்தின் உரசலாகக் கேட்டோம். கேட்பவருக்குப் புரியும் மொழி ஒன்று உள்ளே வந்த கணத்தில் அந்தச் சமநிலை உடைகிறது. பொருள் சொல்லும் வேலையை ஆங்கிலம் எடுத்துக்கொள்கிறது. மற்ற மொழிகள் நிறத்துக்கு இறங்குகின்றன. கேப்ரியல் பாடும் 'வென் யூ ஆர் ஃபாலிங்' திறமாகக் கட்டப்பட்ட பாப் பாட்டு; அவர் குரலில் சோடையில்லை. குழுவை மனதுக்குள் எடுத்துவிட்டுப் பாருங்கள்: பாட்டு அப்படியே நிற்கிறது. சொந்த வீட்டிலேயே வீட்டார் பக்கவாத்தியம் ஆகிவிட்டார்கள். பிளான்ட் பாடும் பாட்டு இதைவிட மேல். அங்கே ஜூலி மர்ஃபியின் வேல்ஷ் குரல் ஆங்கிலத்துக்குச் சமமாக நின்று எதிர்க்குரல் கொடுக்கிறது. ஆங்கிலத்தைத் தொடாதே என்பதல்ல பாடம். 'ரிலீஸ்' தொட்டது, தேறியது. ஆங்கிலத்துக்கு நிகரான பொறுப்பு இன்னொரு மொழிக்கும் வேண்டும் என்பதே பாடம்.

'சீட்', 'அனடாமிக்' இரண்டையும் சுருக்கமாக முடிக்கலாம். முதலாவது இயந்திரத்தைக் குறைத்து வாசிப்பைக் கூட்டியது. திசை சரி, ஆனால் மெட்டுகள் திசைக்கு ஈடுகொடுக்கவில்லை. இரண்டாவதில் ருவாண்டாவின் டோரதே முன்யனேசா பாடுவது புது இரத்தம். மற்றபடி குழு தன்னையே நகலெடுக்கிறது. திரைப்படம் இவர்களை விரும்பியதையும் இங்கே சேர்த்து யோசிக்கலாம். 'கேங்ஸ் ஆஃப் நியூயார்க்' (2002) இவர்களின் உருப்படி ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. 'ஹோட்டல் ருவாண்டா' (2004) படத்துக்கு இசை தந்தவர்களில் இவர்களும் உண்டு. படத்துக்குப் பின்னால் நன்றாக ஓடும் இசை என்பது பாராட்டு. படம் இல்லாமலும் ஒரு படத்துக்காகக் காத்திருக்கும் இசை என்பது குறை. 'அனடாமிக்' வருவதற்குள் இரண்டாவது உண்மையாகிவிட்டது.

அதன் பிறகு மௌனம், பெயருக்காக ஒரு பிளவு, 2016இல் உடன்பாடு. 'த சோர்ஸ்' அந்த ஆண்டில் வந்தது. ஓ லினார்ட் இல்லை. ஸ்காட்டிஷ் கேலிக்கில் பாடவும் ராப் சொல்லவும் வல்ல கிரிகோர் லாவ்ரி வந்தார். கினியின் பெண் பாணர்கள் சேர்ந்து பாட வந்தார்கள். 'மான்சானி சிஸ்ஸே/டாலா' என்ற உருப்படியைக் கேளுங்கள். டாலா என்றால் கேலிக்கில் தாலாட்டு. தமிழ்க் காது உடனே நிமிரும். அந்த ஒலியொற்றுமையை வைத்து கெல்டியருக்கும் நமக்கும் உறவு கட்டினால், எமர்சன் ஸ்பிலேனிடம் கேட்டு நம்பிய கதைக்கு நாமும் ஓர் அத்தியாயம் எழுதியவர்கள் ஆவோம். ஒற்றுமை தற்செயல், சந்திப்பு உண்மை. ஆப்பிரிக்கப் பாட்டும் கேலிக் தாலாட்டும் ஒன்றையொன்று மறைக்காமல் பக்கம் பக்கமாக நடக்கின்றன, இயந்திரம் கைகட்டி நிற்கிறது. இருபது ஆண்டுகளில் பங்குக் கணக்கு நேராக வந்த அபூர்வமான இடங்களில் இது ஒன்று. தட்டு முழுவதும் இப்படி இல்லை. நீளமும் சடங்குத்தனமும் பல இடங்களில் இழுக்கின்றன.

மூன்று அளவுகோல்கள்

தீர்ப்புக்கு முன் வெளியிலிருந்து மூன்று அளவுகோல்களை எடுத்துவைப்பது நியாயம். முதலிரண்டும் ரியல் வேர்ல்ட் வெளியீடுகளே.

மார்ட்டின் பென்னட்டின் 'கிரிட்' (2003). நோயின் கொடுமையில் தன் வாத்தியங்களையே உடைத்துப்போட்ட ஸ்காட்டிஷ் கலைஞர், பழைய நாடோடிப் பாடகர்களின் பதிவுக் குரல்களையே முதன்மை மூலமாகக் கொண்டு மின்னிசை கட்டினார். 2005இல் 33 வயதில் இறந்தார். பெரும்பகுதி அறைக்குள் ஆளை அழைக்காத சாம்பிள். ஆனால் ஒவ்வொரு பீட்டும் அந்தக் குரலின் இழுப்பிலிருந்து பிறக்கிறது. சாம்பிளே அறமற்றது என்ற எளிய தீர்ப்பை 'கிரிட்' பொய்யாக்குகிறது. ஆளை அழைத்தாலே போதும் என்ற ஆஃப்ரோ செல்ட் நம்பிக்கையையும் சேர்த்தே பொய்யாக்குகிறது.

த குளோமிங் குழுவின் முதல் தட்டு (2014). அதே ஓ லினார்ட். பியானோ, இரண்டு பிடில், கிதார். டிரம் மெஷின் இல்லை. குரல் தன் நேரத்தை எடுத்துக்கொள்ள, வாத்தியங்கள் காத்திருக்கின்றன. ஆஃப்ரோ செல்ட் தட்டுகளில் அறுபட்ட ஈற்று வளைவுகள் இங்கே முழுதாக விழுகின்றன.

மூன்றாவது, வேல்ஷ் யாழ்க் கலைஞர் காட்ரின் ஃபின்ச்சும் செனகலின் கோராக் கலைஞர் சேக்கூ கேய்ட்டாவும் சேர்ந்து தந்த 'கிளாக்கை டிபோன்' (2013). கெல்டும் ஆப்பிரிக்காவும்தான், இரண்டே பேர். ஒருவரை எடுத்தால் மற்றவர் பாதி வாக்கியத்தில் நிற்பார். என் சோதனையில் இதைவிடச் சுத்தமாகத் தேறிய கெல்டிய-ஆப்பிரிக்க இசையை நான் கேட்டதில்லை.

ஆக, இயந்திரத்தைக் கையாள்வதில் பென்னட், குரலைக் காப்பதில் குளோமிங், பங்கு சமத்தில் ஃபின்ச்-கேய்ட்டா: தனித்தனியே எடுத்தால் ஆஃப்ரோ செல்ட் மூன்றிலும் இரண்டாம் இடம். மறுதரப்பும் ஒன்று சொல்லும்: இந்த மூவரில் எவரும் மூன்று காரியத்தையும் ஒன்றாக எடுக்கவில்லை; ஆயிரக்கணக்கானோர் நின்று ஆடும் திறந்த மைதானத்துக்காகச் செய்த தட்டுகளும் இவை அல்ல. நியாயமான வாதம். நடன இசையை நாற்காலியில் உட்கார்ந்து மட்டும் அளக்கக் கூடாது; திரும்பத் திரும்ப வருவதன் போதைக்கும் ஒரு கலைமதிப்பு உண்டு, ஜெலிகளும் அதை அறிந்தவர்களே. ஆனால் அகலம் ஆழத்துக்கு ஈடாகாது. மூன்று பாரத்தை ஒன்றாகத் தூக்குபவர் தடுமாறினால் பாரத்தின் எண்ணிக்கை அனுதாபத்துக்கு உரியது, மதிப்பெண்ணுக்கு உரியதல்ல.

என் தீர்ப்பு இது. 'சவுண்ட் மேஜிக்' கண்டுபிடிப்புக்காக நிற்கும். 'ரிலீஸ்' முழுமைக்காக நிற்கும். 'த சோர்ஸ்' திருத்தத்துக்காகப் பாதி நிற்கும். மற்ற மூன்றும் நன்கு செய்யப்பட்ட ஒலி. அவற்றில் எதையும் எடுத்துவிடலாம், எதுவும் இடியாது. எமர்சன் 2023 மார்ச்சில் மறைந்தார். வரலாற்றைத் தவறாகப் படித்து, காதால் சரியாகக் கேட்டவர். ஆட்களை அறைக்குள் அழைக்க வேண்டும் என்பதை அவர் தன் துறைக்குக் கற்றுக்கொடுத்தார். அழைத்தவர்கள் பாடி முடிக்கும்வரை இயந்திரம் பொறுத்திருக்க வேண்டும் என்பதைத் தானே பாதிதான் கற்றுக்கொண்டார்.

ஐயமிருந்தால் 'ரிலீஸ்' தட்டின் முதல் பாட்டையும் கடைசி உருப்படியையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். இந்தக் குழுவின் பெருமையும் குறையும் அந்த இரண்டு பதிவுகளுக்கு நடுவில் இருக்கின்றன. வித்தியாசம் இரண்டு மனிதக் குரல்கள்.